தீட்டில் பங்கு உண்டா?

சில வார்த்தைகளைக் கேட்டாலே எழுந்து நின்று கை தட்டத் தோன்றும். 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' அதில் ஒன்று. 'பருவநிலை மாற்றத்தைத் தாக்குப்பிடிக்கும் கட்டமைப்பு' இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டி, மேலே 'சர்வதேச வளர்ச்சிக் கூட்டாண்மை' என்று ஒரு மாலையும் போட்டுவிட்டால் தீர்ந்தது. அப்புறம் யாராவது வாய் திறந்தால் அவர் மனித குல விரோதி.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பானின் ஜைகா என்று யாருடைய அறிக்கையைப் பிரித்தாலும் இதே வார்த்தைகள்தான். நேபாளம், பூடான் மாதிரி மலை நாட்டைப் பற்றிய அறிக்கை என்றால் அட்டையில் ஒரு பனிமலையும் முதுகில் கூடை சுமக்கும் ஒரு பெண்மணியும் இருப்பார்கள். தமிழ்நாட்டைப் பற்றியது என்றால் பனிமலைக்குப் பதில் வயல். பெண்மணி உண்டு. கூடைக்குப் பதில் குடம்.

அறிக்கைகளைக் கிண்டலடிப்பது ரொம்ப சுலபம். அதற்காக இரண்டு பக்கத்தை வீணடிக்க வேண்டாம். இந்த மாலையில் 'கூட்டாண்மை' என்கிற ஒரே ஒரு பூவை மட்டும் எடுத்து முகர்ந்து பார்க்கலாம் என்று உத்தேசம். இமயமலைக்கும் போவோம், முக்கொம்புக்கும் வருவோம்.

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். நாலாவது பிரிவு என்ன சொல்கிறது? ஒரு தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்கு நடுவே இருக்கிற உறவுதான் கூட்டாண்மை. பதிமூன்றாவது பிரிவுக்குப் போனால், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத வரை நஷ்டத்திலும் சம பங்கு. நடுவில் ஆறாவது பிரிவில் ஒரு விளக்கம் வரும். தொழிலுக்குக் கடன் கொடுத்த ஒருவர், அதன் லாபத்திலிருந்து ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார் என்பதாலேயே கூட்டாளி ஆகிவிட மாட்டார். கடன் கொடுத்தவர் வேறு, கூட்டாளி வேறு.

சட்டம் படிக்காத நம் பாட்டிமார்கள் இதை இன்னும் கறாராக வைத்திருந்தார்கள். பங்காளி என்றால் யார்? சொத்தில் பங்கு உள்ளவன். அது மட்டும்தானா? அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பங்காளிக்கும் தீட்டு. அவன் வேறு ஊரில் இருந்தாலும், பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் தீட்டு தீட்டுதான். நல்லது பொல்லாதது எதுவும் அவன் வீட்டிலும் நடக்காது. மற்றவர்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் துக்கம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தால் முடிந்தது.

தீட்டில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் இஷ்டம். அளவுகோலாக இது அருமையான சங்கதி. நம் வளர்ச்சிக் கூட்டாளிகளுக்குத் தீட்டில் பங்கு உண்டா?

முதலில் மலை நாட்டுக் கதை ஒன்று.

நேபாளத்தில் மேலம்சி என்று ஓர் ஆறு. காத்மாண்டுவுக்கு வடகிழக்கே, சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஓடுகிறது. தலைநகரத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு இந்த ஆற்றை அந்தப் பக்கம் திருப்பினால் தினமும் 17 கோடி லிட்டர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1990-91-ல் பிரதமராக இருந்த கிருஷ்ண பிரசாத் பட்டராய், மேலம்சித் தண்ணீரைக் கொண்டுவந்து காத்மாண்டு ரோடுகளையே கழுவி விடுவதாகச் சொன்னது அங்கே ரொம்பப் பிரபலம். நம்மூர் வாக்குறுதிகளுக்கு இமயமலையில் ஒரு தம்பி.

2000 டிசம்பரில் ஆசிய வளர்ச்சி வங்கி 12 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. உலக வங்கி, நார்வே, ஸ்வீடன், ஜப்பான் எல்லாம் சேர்ந்து பெரிய கூட்டணி. பிறகு உலக வங்கி விலகியது. நார்வே விலகியது. ஸ்வீடனும் விலகியது. நடுவில் உள்நாட்டுப் போர். ஒரு சீன காண்ட்ராக்டர் வந்தார், 2012-ல் அவருடைய ஒப்பந்தம் ரத்தானது. ஓர் இத்தாலிய காண்ட்ராக்டர் வந்தார், 2018 டிசம்பரில் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். இன்னொரு சீன நிறுவனம் வந்து மிச்சத்தை முடித்தது. சுமார் 27 கிலோமீட்டர் சுரங்கம். 2021 மார்ச் மாதம் காத்மாண்டுவுக்கு ஒருவழியாகத் தண்ணீர் வந்தேவிட்டது. ஜனங்கள் குழாயடியில் நின்று சந்தோஷப்பட்டார்கள்.

அதே 2021, ஜூன் 15. மேலே மலையில் பெய்த மழையில் மண்ணும் பாறையுமாகச் சரிந்து, சேறு கலந்த பெருவெள்ளம் இறங்கியது. ஆற்றங்கரைக் கடைத்தெரு, வீடுகள், பாலங்கள் எல்லாம் போயின. மனிதர்களும் போனார்கள். சுரங்கத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் தலைமதகு, மேட்டளவு மண்ணுக்கும் கல்லுக்கும் அடியில் புதைந்தது. இருபது வருடம் கட்டிய திட்டம், முழுசாக நாலு மாதம்கூட ஓடவில்லை. அதற்குப் பிறகான வருடங்களில் மழைக்காலம் வந்தால் தண்ணீரை நிறுத்துவது, மழை முடிந்ததும் தற்காலிகமாகத் திருப்பிவிடுவது என்றுதான் காலம் தள்ள வேண்டியிருந்தது.

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். தலைமதகு போனது யாருக்கு? நேபாளத்துக்கு. தண்ணீர் போனது யாருக்கு? காத்மாண்டுக்காரருக்கு. கடன்? அது பத்திரமாக இருக்கிறது. பாறை விழுந்தாலும் உடையாத ஒரே கட்டுமானம் அதுதான். நேபாள அரசாங்கம் தவணை கட்டியாக வேண்டும். அதுவும் அந்நியச் செலாவணியில். கடன் ஒப்புதலான சமயம் ஒரு டாலர் சுமார் 75 நேபாள ரூபாய். வெள்ளம் வந்த வருடம் சுமார் 117. அந்த வித்தியாசமும் கடன் வாங்கியவர் தலையில்தான் விடியும்.

ஆக, சட்டப்படியும் இது கூட்டாண்மை இல்லை. பாட்டி கணக்குப்படியும் இல்லை. கடன் என்று சொல்லிவிட்டுக் கடன் கொடுப்பதில் ஒரு தப்பும் கிடையாது. கடனுக்குக் கூட்டாண்மை என்று பட்டு வேட்டி கட்டி அனுப்புவதில்தான் சங்கடம்.

அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏழை நாடுகளுக்கு இந்த வங்கிகள் தருவது சலுகைக் கடன். வட்டி குறைவு, தவணை நீளம். வேறு எந்த வங்கி நேபாளத்துக்கு மலையைக் குடையப் பணம் தரும்? தவிர, இந்தக் கடன்களோடு வருகிற நிபந்தனைகளில் உருப்படியான சமாசாரங்களும் இருக்கின்றன. நிலம் இழந்தவருக்கு முதலில் நஷ்டஈடு கொடு, சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய்ந்து எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடு, புகார் சொல்ல ஓர் ஏற்பாடு செய். நம் சொந்தக் காசில் நாம் செய்கிற வேலைகளில் இந்த மூன்றும் எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் வெள்ளைக்காரர்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காபி சாப்பிடப் போக முடியாது. வெளிநாட்டுப் பணம் துளியும் சம்பந்தப்படாத ஒரு விஷயத்தையும் பார்ப்போம். அது நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு. அங்கேதான் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை காவிரியாகவே போகிறது, இன்னொரு கை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தீவுதான் ஸ்ரீரங்கம். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. விட்டால் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கமே ஓடிவிடும், தஞ்சாவூர் காய்ந்துவிடும் என்பதால் 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். கீழே இருக்கிற கல்லணையைப் பார்த்து, ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கற்றுக்கொண்டவர் அவர். கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது நம் வழக்கு. அந்தப் பழைய என்ஜினீயர்களிடம் பாடம் கேட்டதை காட்டன் மறைக்கவில்லை.

2018 ஆகஸ்ட் மாதம். வருடக்கணக்காக மணலாகக் கிடந்த ஆற்றில் வெள்ளம். கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் தூண்கள் சரிந்தன. சில நாளில், ஆகஸ்ட் 22 ராத்திரி, மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் உடைந்து விழுந்தன. 45 மதகுகளில் ஒன்பது காலி. அணையின் வயதைக் காட்டியது அரசுத் தரப்பு. மணல் குவாரிகளைக் காட்டினார்கள் விவசாயிகள். ஆளாளுக்கு விரல் நீட்ட, மணல் மூட்டையும் பாறையும் கொட்டித் தற்காலிகமாக அடைத்தார்கள். பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி அருகிலேயே புதிய கதவணை கட்டினார்கள்.

இங்கேயும் பி.காம். முதல் வருடப் பாடம் ஒன்று உதவிக்கு வரும். தேய்மானம். ஒரு லாரி வாங்குகிறீர்கள். வாங்கிய நாளிலிருந்தே அது தேய ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேய்மானத்தைச் செலவாக எழுதி, அந்த அளவுக்குப் பணத்தை ஒதுக்கி வைத்தால்தான் லாரி படுக்கும்போது அடுத்த லாரி வாங்க முடியும். துவாக்குடியில் நாலு லாரி வைத்து ஓட்டுகிறவருக்கு இது தெரியும். அரசாங்கத்துக்கு? மத்திய, மாநில அரசுகளின் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் வந்தால் வரவு, போனால் செலவு. அணை தேய்ந்தால் எழுதுவதற்கு அதில் பத்தியே கிடையாது. அணை தேய்வது புத்தகத்துக்குத் தெரியாது. ஒருநாள் ராத்திரி ஒன்பது மதகு போகும்போதுதான் எல்லோருக்கும் தெரியும்.

மேலம்சிக்கும் முக்கொம்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அது பிறந்த உடனே போனது, இது 182 வருடம் உழைத்துவிட்டுப் போனது. ஆனால் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான். கட்டுவதற்குப் பணம் இருக்கிறது. கட்டிய பிறகு வருகிற தேய்மானத்துக்கும் விபத்துக்கும் யார் பொறுப்பு? பருவநிலை மாற்றம் என்று நாம் சொல்வதைக் கணக்கர் பாஷையில் சொன்னால், தேய்மான விகிதம் திடீரென்று ஏறிவிட்டது. நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்தால், நூறு வருடம் வரவேண்டிய அணை அத்தனை வருடம் வராது. 'தாக்குப்பிடிக்கும் கட்டமைப்பு' என்பது கான்க்ரீட்டின் தடிமனில் மட்டும் இல்லை. வருடா வருடம் யாரோ ஒருவர் போய்ப் பார்த்து, எண்ணெய் போட்டு, அடைப்பு எடுத்து, விரிசலைப் பூசுகிறாரா என்பதில் இருக்கிறது.

ஸ்ரீரங்கம் கோயிலையே பாருங்கள். 2017-ல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கொடுத்தது. புதிதாக எதையாவது கட்டியதற்காக இல்லை. பிற்காலத்தில் சேர்ந்துபோன கட்டடங்களை எடுத்து, மூடிக் கிடந்ததைத் திறந்து, மழைநீர் வெளியேறுகிற பழைய வடிகால் ஏற்பாட்டை மறுபடி உயிர்ப்பித்ததும் அந்த வேலைகளில் சேர்த்தி. கோபுரம் கட்டியவர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று. நடுவில் வந்தவர்கள்தான் அடைத்து வைத்திருந்தார்கள். தாக்குப்பிடிக்கும் கட்டமைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமானால் கப்பலில்தான் வர வேண்டும்.

திருச்சிக்கும் கூட்டாளிகள் உண்டு. 2018-ல், முக்கொம்பு உடைந்த அதே வருடம், தமிழ்நாட்டு நகரங்களின் குடிநீர், சாக்கடை, வடிகால் வேலைகளுக்காக ஆசிய வளர்ச்சி வங்கி 50 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் தவணை 16.9 கோடி டாலர். அந்தப் பட்டியலில் சென்னை, கோவை, ராஜபாளையம், திருநெல்வேலி, வேலூரோடு திருச்சியும் இருந்தது. திட்ட விவரத்தில் 'பருவநிலையைத் தாக்குப்பிடிக்கும்' என்பது தவறாமல் இடம் பெற்றிருந்தது.

பாதாளச் சாக்கடை அவசியமா? சந்தேகமே இல்லை. காவிரியில் கழிவைக் கலந்துவிட்டு அதே காவிரியில் ஆடிப்பெருக்கு கொண்டாடுகிறோம். ஆனால் பாதாளச் சாக்கடை என்பது வெறும் குழாய் இல்லை. பம்பிங் ஸ்டேஷன் வேண்டும், அதற்கு இரவு பகலாகக் கரண்ட் வேண்டும், ஆள் வேண்டும், அடைப்பு எடுக்கிற இயந்திரம் வேண்டும். கடன் இதையெல்லாம் வாங்கித் தரும். பத்தாவது வருடம் மோட்டார் எரிந்துபோனால் மாற்றித் தராது. அது மாநகராட்சியின் பாடு. மாநகராட்சியின் பாடு என்றால் வரி கட்டுகிற உங்கள் பாடு, என் பாடு. இதைத் திருவானைக்காவல் டீக்கடையில் சொன்னால், "அப்ப பார்ட்னர்னு எதுக்கு சார் சொல்றாங்க?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

'அனைவரையும் உள்ளடக்கிய' என்கிற அடுத்த வார்த்தைக்கும் மலை நாடு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினாரே எலினார் ஆஸ்ட்ரம், அந்த அம்மையாரும் அவருடைய சகாக்களும் நேபாளத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன வாய்க்கால்களை ஆராய்ந்தார்கள். ஒரு பக்கம் கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு விவசாயிகளே கட்டிக்கொண்ட தடுப்புகள். ஒவ்வொரு மழைக்கும் அடித்துக்கொண்டு போகும். இன்னொரு பக்கம் அரசாங்கம், வெளிநாட்டு உதவியோடு என்ஜினீயர்களை வைத்துக் கட்டிய கான்க்ரீட் தலைமதகுகள். எதில் கடைமடைக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகும்?

நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. விவசாயிகளே நிர்வகித்த வாய்க்கால்களில்தான் பெரும்பாலும் நன்றாகப் போனது. காரணம் ரொம்ப எளிமையானது. மண் தடுப்பு உடைந்தால் தலைமடைக்காரர் தனியாகக் கட்ட முடியாது. கடைமடைக்காரரின் கை வேண்டும். அவர் மண்வெட்டியோடு வர வேண்டுமென்றால் அவர் வயலுக்குத் தண்ணீர் போயிருக்க வேண்டும். எனவே தலைமடைக்காரர் விட்டுக்கொடுத்தார். கான்க்ரீட் வந்த பிறகு? வருடா வருடம் உடைவதில்லை. கடைமடைக்காரர் தேவையில்லை. தேவையில்லாதவருக்கு எதற்குத் தண்ணீர்? உறுதியான மதகு, ஊருக்குள் இருந்த ஒரு நிஜமான கூட்டாண்மையைக் கலைத்துவிட்டது. கட்டிக் கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். எதைக் கலைக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நமக்கும் அப்படி ஒன்று இருந்தது. குடிமராமத்து. ஏரி, வாய்க்காலை ஊரே கூடித் தூர் வாருவது. இந்த வார்த்தையைச் சொன்னதும் சிலருக்குக் கண் கலங்கும். கொஞ்சம் பொறுங்கள். கூடி உழைத்ததில் மண்வெட்டி பிடித்தது யார், வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். பல ஊர்களில் மதகைத் திறந்து மூடியவர்கள் சேரிக்காரர்கள். அவர்களுக்கு அந்த வாய்க்காலில் சொந்தமாக ஒரு காணி நிலம் இருந்திருக்காது. 1858-ல் வெள்ளைக்கார அரசாங்கம், உடைப்பை அடைக்க ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்று சென்னை மாகாணத்துக்குச் சட்டமே போட்டது. உழைப்பில் பங்கு, விளைச்சலில் பங்கில்லை என்றால் அதுவும் கூட்டாண்மை இல்லை. வங்கிக்காரருக்கு ஒரு நியாயம், நம்மூர்ப் பண்ணையாருக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது. 2017-ல் தமிழக அரசு அதே குடிமராமத்துப் பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்து, செலவில் பத்து சதவீதம் விவசாயிகள் பங்கு என்றது. யோசனை சரி. ஆனால் ஒருமுறை தூர் வாரிவிட்டால் ஆயிற்று என்கிற சமாசாரமா அது? வாய்க்காலுக்கு வருடா வருடம் தேவை இருக்கிறது.

அப்படியென்றால் உருப்படியான வெளிநாட்டுக் கூட்டாண்மையே கிடையாதா? உண்டு. அதற்கும் திருச்சியிலேயே சாட்சி இருக்கிறது. திருவெறும்பூருக்குப் போங்கள். பெல் ஆலை. 1960-களில் செக்கோஸ்லோவாகியா உதவியோடு வந்தது. உயர் அழுத்த பாய்லர் செய்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு 1965-ல் உற்பத்தி ஆரம்பித்தார்கள். இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்த ஒரு தலைமுறையே திருச்சியில் உருவானது. சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள் முளைத்தன. 1993-ல் செக்கோஸ்லோவாகியா என்கிற நாடே இரண்டாகப் பிரிந்து வரைபடத்திலிருந்து காணாமல் போய்விட்டது. ஆலை இருக்கிறது. கூட்டாளி போன பிறகும் நிற்கிறதே, அதுதான் பரீட்சை. ஏன் நின்றது? பணத்தோடு கைத்தொழிலும் வந்தது. ரிப்பேர் செய்யும் வித்தை நம் கையில் இருந்தது.

அதே பாய்லர்கள்தான் நிலக்கரியை எரித்து வானத்தைச் சூடாக்கியதில் பங்கு வகித்தன என்பது விதியின் குறும்பு. 2010-களின் பிற்பகுதியில் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தபோது முதலில் அடி விழுந்தது அந்தச் சின்னப் பட்டறைகளுக்குத்தான். தென் ஆப்பிரிக்காவும் இந்தோனேசியாவும் நிலக்கரியிலிருந்து மாறுவதற்குப் பணக்கார நாடுகள் பல நூறு கோடி டாலர் தருவதாகக் கூட்டாண்மை அறிவித்தன. 2025 மார்ச்சில் அமெரிக்கா அதிலிருந்து கையை உதறிக்கொண்டது. அதே வருடம் ஜூலை முதல் தேதி, உலகமெங்கும் உதவி செய்துவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பே கடையைக் கட்டியது. துவாக்குடி வெல்டருக்கு வந்த கூட்டாளியும் இல்லை, போன கூட்டாளியும் இல்லை. வானம் குளிர வேண்டும் என்றால் அவர் அடுப்பு அணையக் கூடாது என்பதையும் யாராவது கணக்கில் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. நாம் எப்போதும் வாங்குகிற பக்கத்திலேயே நிற்கவில்லை. பூடானுக்கு இந்தியாதான் பெரிய வளர்ச்சிக் கூட்டாளி. 1980-களில் முடிந்த சுக்கா நீர்மின் திட்டத்துக்கு நாம் கொடுத்த பணத்தில் 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன். 2019-ல் முடிந்த மாங்தேச்சு திட்டத்துக்கு வரும்போது மானியம் 30, கடன் 70 என்று தலைகீழாகிவிட்டது. வட்டியும் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக ஏறியது. அதற்கு மின் இயந்திரங்கள் கொடுத்தது நம் பெல் நிறுவனம், வேறு ஊர் ஆலைகளிலிருந்து. 2008-ல் தொடங்கிய புனாத்சாங்சு முதல் திட்டத்தில், 2013-ல் அணை கட்டும் இடத்திலேயே மலை சரிந்து வேலை வருடக்கணக்கில் இழுத்தது. மலை தாமதித்தது, வட்டி தாமதிக்கவில்லை.

ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. மிஞ்சுகிற மின்சாரத்தை இந்தியாவே வாங்கிக்கொள்கிறது. திட்டம் படுத்தால் நமக்கும் மின்சாரம் இல்லை. தீட்டில் பாதியாவது நம் வீட்டுக்கும் வரும். அதனால்தான் சுக்காவை இன்றைக்கும் நல்ல உதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் மானியத்தைக் குறைத்து வட்டியை ஏற்றிக்கொண்டே போனால், நாமும் பட்டு வேட்டி கட்டிய கடன்காரராகத்தான் திம்புவில் நிற்போம்.

உலகத்துக்கு இது புரியவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-ல் எகிப்தில் நடந்த பருவநிலை மாநாட்டில், இழப்புக்கும் சேதத்துக்கும் தனியாக ஒரு நிதி என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருடம் துபாயில் அதற்கு உருவம் கொடுத்தார்கள். சேர்ந்த பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. 2023 ஜூனில், புயலோ வெள்ளமோ அடித்தால் சின்ன நாடுகள் தவணையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம் என்று உலக வங்கி அறிவித்தது. தவணை ஒத்திவைப்புதான், தள்ளுபடி இல்லை. ஆனால் 'உன் வீட்டில் துக்கம், இப்போது பணம் கேட்க மாட்டேன்' என்று ஒரு கடன்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவது புதுசு. தீட்டின் முதல் நாளை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

நாம் என்ன செய்யலாம்? கடனே வேண்டாம் என்று வீரம் பேசுவது கதைக்கு உதவாது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் வேலை இருக்கிறது, காசு வேண்டும். வாங்குகிறபோதே மூன்று கேள்விகளைக் கேட்டு வைக்கலாம். பத்தாவது வருட ரிப்பேருக்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? ரிப்பேர் செய்ய நம்மூர்ப் பிள்ளைகளுக்கு யார் கற்றுத் தருகிறார்கள்? வெள்ளம் அடித்துக்கொண்டு போனால் நஷ்டத்தில் உங்கள் பங்கு எவ்வளவு? மூன்றுக்கும் பதில் சொல்கிறவரைத் தாராளமாகக் கூட்டாளி என்று அழைக்கலாம். மாலையும் போடலாம். சொல்லாதவரை மரியாதையாகக் கடன் கொடுத்தவர் என்று அழைப்போம், வட்டியோடு திருப்பிக் கொடுப்போம். அதில் ஒரு அவமானமும் இல்லை.

இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய பலகை வைப்பார்கள். இன்ன வங்கியின் நிதியுதவி, இன்னார் அடிக்கல் நாட்டியது, இன்னார் முன்னிலை வகித்தது, இத்தனை கோடி மதிப்பு. பராமரிப்பது யார், எந்த வருடம் வரை, உடைந்தால் யார் செலவு என்று ஒரு வரி அதில் இருக்காது. கேட்டால் பலகையில் இடம் போதவில்லை என்பார்கள். பெயர்களைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டால் தாராளமாக இடம் இருக்கும்.